ஒப்புகைச் சீட்டு இல்லாமல்

கிளைப்பேடா துறைமுகத்தில்
காற்று வருகிறது என்று சொல்வது என் வேலை.
சரியாகச் சொன்னால்,
சொல்வது கோபுரத்து அளவைக் கருவி.
அதை எல்லார் கைக்கருவிக்கும் கொண்டுசேர்ப்பது நான்.
வினாடிக்கு இருபது மீட்டர் தாண்டினால்
பாரந்தூக்கிகள் கையை மடக்க வேண்டும்.
முப்பது டன் பெட்டி நடுவானில் ஆடக் கூடாது.

எல்லாரும் ஒரே சானலில் இருந்த காலத்தில்
ஒரு தரம் கத்தினால் போதும்.
ஆனால் நெரிசல்,
ஆளுக்கு ஆள் குறுக்குப் பேச்சு.
நாலாகப் பிரித்தோம்:
ரயில் முற்றம், கிடங்கு,
லாரி வாசல், பாரந்தூக்கி.
பேச்சு தண்ணீராய் ஓடியது.
அறிவிப்பு மட்டும்
நாலு தெருவுக்கும் ஒற்றை ஆளாய்
முரசைச் சுமந்துகொண்டு நடந்தது.

அதுவும் மெதுவாக.
குளிர்ப்பெட்டி வரிசைக்குப் பின்னால்,
இரும்புச் சுவர் மூன்று தாண்டி,
உடைந்த ஆண்டெனாவோடு ஒருவன் இருப்பான்.
அவனுக்கும் எட்ட வேண்டும் என்பதால்
பொது அறிவிப்பு எப்போதும் அடிமட்ட வேகத்தில்.
அவனுக்காக எல்லாரும் எழுத்துக்கூட்டிக் கேட்கிறோம்.
இதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில்.
ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் ஒப்புகை வரும்,
வராவிட்டால் மறுபடி அனுப்பலாம்.
ஊருக்கே சொன்னதற்கு அது கிடையாது.
நல்ல காதோ, செவிட்டுக் காதோ,
சங்கு ஊதுகிறவளுக்கு இரண்டும் ஒன்று.
ஆகவே சந்தேகத்துக்கு
ஒவ்வொரு தெருவிலும் மும்மூன்று தரம்.

ஓர் இரவு பதிவேட்டை நிதானமாகப் படித்தேன்.
இரண்டு மணிக்கு ரயில் முற்றத்தில்
ஒரு பூனைகூட இல்லை.
அங்கேதான் முதலில் போய்
வெறும் தண்டவாளத்துக்கு
மூன்று தரம் சொல்லியிருக்கிறோம்.
பாரந்தூக்கிகளின் முறை கடைசி.
அவற்றுக்குச் சேதி போக ஆறு நொடி.
வரிசையை அமைத்தவர் ஓய்வுபெற்று
பாலாங்காவில் மீன் பிடிக்கிறார்.
போனில் கேட்டேன்.
சானல் எண் வரிசைதான், வேறென்ன என்றார்.

ஆளில்லாத தெருக்களை விட்டேன்.
வரிசையைத் தலைகீழாக்கினேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நாற்சந்தி ஒன்று வைத்தேன்.
நொடிக்கு ஒரு முறை, இமைக்கும் நேரம்,
எல்லாக் கருவியும் தன் தெருவை விட்டு அங்கே வரும்.
உறங்குகிறதுகூட ஒரு கண் திறக்கும்.
செய்தி இருந்தால் எல்லாருக்கும் ஒரே தரம்.
இல்லையா, வெறுங்கையோடு திரும்பும்.
அந்த இமைப்பில்
யாரும் யாரோடும் பேச முடியாது.

லாரி வாசல் யோலிதா புகார் எழுதினாள்:
திரைக்கு விக்கல்.
மேலாளர் கேட்டார்:
வராத காற்றுக்காகத் தினமும்
இத்தனை மௌனம் செலவழிக்கிறோமா?
ஆமாம் என்றேன்.
கணக்கு கையில் இருந்தது, காட்டவில்லை.

நவம்பரில், அதிகாலை நாலு இருபது.
முள் இருபதைத் தொட்டது.
நாற்சந்தியில் ஒரே ஒரு தரம்.
நான் ஜன்னலுக்கு ஓடினேன்.
தூக்கிகளின் உச்சியில் பச்சை விளக்கு.
கை மடக்கினால் சிவப்பு.
ஒன்று.
மூன்று, நான்கு.
ஐந்தாவது யோசித்தது.
பிறகு இரண்டும் ஆறும் சேர்ந்தே.
கண்ணாடியில் என் மூச்சுப் புகை கலைவதற்குள்
ஐந்தும் சிவந்தது.
ஒப்புகைச் சீட்டின் நிறம்
எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழாவது?
ஏழாவது நான் பார்க்கும்போதே சிவப்பு.

காலையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்
தௌமந்தாஸைப் பிடித்தேன்.
மேலே கூண்டில் பதினெட்டு வருஷம்.
நாலு பதினாறுக்கே மடக்கிவிட்டேனே என்றான்.
கோப்பையில் காப்பி ஒரு பக்கமாய்ச் சாய்ந்ததாம்,
சாய்ந்து, திரும்பி வரவில்லையாம்.

முழுசாய் நாலு நிமிஷம்!
நான் ஆறு நொடியை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்றேன்.

சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டான்:
எந்தச் சானலில்?